வலியைத் தேடிய மருத்துவர்



மலர்க்குழு நண்பர்கள் கட்டுரை கேட்டபோது, பழைய விடுதி நாட்களைப் பற்றி எழுதலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். அதை எப்படியும் நாலு பேர் எழுதுவார்கள். என்னைவிட நன்றாகவே எழுதுவார்கள். அதனால் நான் வேறு ஒருவரைப் பற்றி எழுதுகிறேன். அவர் பிறந்தது நமக்குப் பக்கத்து மலையில். அவருடைய தாயார் வயதான காலத்தில் நம்ம கல்வராயன் மலையிலும் ஏறி இறங்கிப் பணி செய்தவர். உலகம் முழுக்க அறுவை சிகிச்சை மருத்துவர்களுக்குத் தெரிந்த பெயர் அது. ஆனால் கள்ளக்குறிச்சி பேருந்து நிலையத்தில் நின்று கேட்டால் பத்து பேரில் ஒருவருக்குக்கூடத் தெரியாது. அவர்தான் டாக்டர் பால் பிராண்ட்.

மலையில் பிறந்த பிள்ளை

பால் பிராண்ட் 1914 ஜூலை 17 அன்று கொல்லிமலையில் பிறந்தார். தந்தை ஜெஸ்ஸி, தாய் ஈவ்லின். இருவரும் இங்கிலாந்திலிருந்து வந்த மிஷனரிகள். தந்தை டாக்டர் படிப்பு முழுமையாகப் படித்தவர் அல்ல. அடிப்படை வைத்தியம் மட்டும் கற்றுக்கொண்டு வந்தவர். ஆனாலும் பல் பிடுங்குவது, கட்டியைக் கீறுவது, காலில் புறப்படும் நரம்புச் சிலந்திப் புழுவைக் குச்சியில் சுற்றி மெதுவாக இழுப்பது என்று மலை மக்களுக்கு எல்லாம் செய்தார். பையன் பாலுக்கு மலையே பள்ளிக்கூடம். மரத்தின் மேல் ஏறி உட்கார்ந்து பாடம் எழுதுவானாம். எழுதி முடித்த தாளை மேலேயிருந்து அம்மாவுக்குப் போடுவானாம்!

அந்த வயதில் அவன் கண்ட ஒரு காட்சி உண்டு. ஒருநாள் தொழுநோயாளிகள் மூன்று பேர் மலையேறி வந்தார்கள். எல்லாரையும் வெறுங்கையால் தொட்டு மருந்து போடும் அப்பா, அன்று கையுறை மாட்டிக்கொண்டு கட்டுப் போட்டார். பிள்ளைகளைக் கிட்டே வரவிடவில்லை. அவ்வளவு பயம் இருந்த காலம் அது.

1923-ல், ஒன்பது வயதில், பாலையும் தங்கையையும் படிப்புக்காக இங்கிலாந்தில் விட்டார்கள். அதன்பின் அவர் தந்தையைப் பார்க்கவே இல்லை. 1929-ல் மலைக்காய்ச்சல் முற்றி ஜெஸ்ஸி இறந்துபோனார். கொல்லிமலையிலேயே அடக்கம் செய்தார்கள்.

பள்ளி முடித்த பால், டாக்டருக்குப் படிக்கப் போகவில்லை. கட்டட வேலை கற்கப் போனார். சில ஆண்டுகள் தச்சு வேலை, கொத்து வேலை, கல் வேலை. பிறகுதான் மனம் மாறி 1937-ல் லண்டனில் மருத்துவம் சேர்ந்தார். இரண்டாம் உலகப் போரில் குண்டு விழுந்துகொண்டிருந்த லண்டனில்தான் அவர் அறுவை சிகிச்சை பழகினார். உடன் படித்த மார்கரெட்டை 1943-ல் மணந்தார். கட்டட வேலையில் கழித்த ஆண்டுகள் வீண் என்று அன்று பலரும் நினைத்திருப்பார்கள். இல்லை என்பது வேலூர் வந்தபிறகு தெரிந்தது.

செங்கல்பட்டில் ஒரு கைகுலுக்கல்

1946 இறுதியில் பால் பிராண்ட் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். அழைத்தவர் தொழுநோய் மருத்துவர் ராபர்ட் காக்ரேன். அடுத்த ஆண்டு காக்ரேன் அவரைச் செங்கல்பட்டுக்குப் பக்கத்தில் திருமணியில் இருந்த லேடி வில்லிங்டன் தொழுநோய் மருத்துவமனைக்குக் கூட்டிப்போனார்.

அங்கே பார்த்த கைகள் எல்லாம் கொக்கி மாதிரி மடங்கியிருந்தன. சில கைகளில் விரல்களே இல்லை. தொழுநோய் வந்தால் சதை அழுகி விரல் உதிரும், அதற்கு ஒன்றும் செய்ய முடியாது என்பதுதான் அன்றைக்கு எல்லாரும் நம்பியது. மருத்துவர்கள்கூட அப்படித்தான் நம்பினார்கள். பிராண்ட் ஒரு நோயாளியின் மடங்கிய கைக்குள் தன் கையைக் கொடுத்து அழுத்தச் சொன்னார். அந்த மனிதர் அழுத்திய அழுத்தில் இவருக்கு வலி தாங்கவில்லை. ஆனால் முகத்தில் வந்தது மகிழ்ச்சி. உதவாத கை என்று எல்லாரும் தள்ளிவிட்ட கையில் இவ்வளவு பலம் இருக்கிறதே!

ஒரு கட்டடக்காரரின் மூளை அங்கே வேலை செய்தது. பாதித் தசை செத்திருக்கிறது, மீதித் தசை முழுப் பலத்தோடு இருக்கிறது. ஏன்? இறந்த நோயாளி ஒருவரின் உடலைப் பரிசோதிக்க வாய்ப்புக் கிடைத்தபோது நரம்புகளை முழு நீளத்துக்கும் பிரித்துப் பார்த்தார். தோலுக்கு மிக அருகில் வரும் இடங்களில் மட்டும் நரம்பு வீங்கியிருந்தது. முழங்கையில் இடித்துக்கொண்டால் கரண்ட் அடித்த மாதிரி சுண்டுவிரல் வரை சுளீர் என்று ஓடுமே, அந்த நரம்பு முழங்கைக்கு மேலே வீங்கியிருந்தது. கட்டைவிரலுக்குப் போகும் நரம்பு மணிக்கட்டுக்கு மேலே வீங்கியிருந்தது. தொழுநோய்க் கிருமிக்கு உடம்பின் சூடு ஆகாது. தோலை ஒட்டிய குளிர்ச்சியான இடம்தான் பிடிக்கும். அதனால் ஆழத்தில் இருக்கும் நரம்புகளும் அவை ஆட்டும் தசைகளும் தப்பித்துவிடுகின்றன.

இதிலிருந்துதான் அவருடைய அறுவை சிகிச்சை பிறந்தது. நல்ல தசையின் நாண் ஒன்றை எடுத்து, செத்த தசை செய்யவேண்டிய வேலைக்கு மாற்றிக் கட்டுவது. ஒவ்வொரு விரலையும் மடக்க இரண்டு நாண்கள் இருக்கின்றன; ஒன்று போனாலும் விரல் மடங்கும். முதலில் அந்த உபரி நாணைத்தான் பயன்படுத்தினார்கள். பிறகு மணிக்கட்டை நிமிர்த்தும் தசையிலிருந்து எடுத்து நான்கு விரலுக்கும் பிரித்துக் கட்டும் முறையை அவர் உருவாக்கினார். கயிறு, கப்பி, இழுவிசை எல்லாம் படித்த நமக்கு இதைக் கேட்டால் ஆச்சரியம்தான் வரும். எந்தக் கோணத்தில் இழுத்தால் எவ்வளவு பலம் கிடைக்கும் என்ற நம்முடைய முதலாமாண்டுப் பாடம்தான் அது. 1948-லிருந்து வேலூரில் மடங்கிய கைகள் நிமிரத் தொடங்கின.

நிமிர்ந்த கையும் தேய்ந்தது

இங்கே கதை முடிந்திருந்தால் அவர் ஒரு நல்ல சர்ஜன், அவ்வளவுதான். ஆனால் நிமிர்ந்த கையோடு ஊருக்குப் போனவர்களை ஊர் ஏற்கவில்லை. ஆகவே வேலூரில் நவஜீவ நிலையம் என்ற சிறு குடியிருப்பை அமைத்து அவர்களுக்குத் தச்சு வேலை கற்றுக்கொடுத்தார்கள். பழைய கொத்தனார் மறுபடி உளி பிடித்தார். அந்த இடத்தில்தான் அவர் கண் திறந்தது.

மருந்தால் நோய்க் கிருமி அடங்கியிருந்தது. விரலோ தொடர்ந்து புண்ணாகிக் குறைந்துகொண்டே வந்தது. அப்படியென்றால் விரலைத் தின்பது எது? ஒவ்வொரு காயத்துக்கும் காரணம் என்ன என்று துப்பறிவது போல விசாரிக்க ஆரம்பித்தார். துருப்பிடித்த பூட்டு ஒன்றை யாராலும் திறக்க முடியாதபோது ஒரு சிறுவன் அநாயாசமாகத் திறந்தான். அவன் விரலைப் பார்த்தால் சாவி எலும்பு வரைக்கும் வெட்டியிருந்தது. அவனுக்குத் தெரியவே இல்லை! சூடான பாத்திரத்தை வெறுங்கையால் தூக்குவார்கள். உளியின் பிடியில் இருந்த பிசிறு உள்ளங்கையைக் கிழித்திருக்கும், வேலை நடந்துகொண்டே இருக்கும். ராத்திரி இருந்த விரல்நுனி காலையில் காணவில்லை என்ற மர்மத்துக்கு விடை எலி. தூங்கும்போது எலி கடித்தது உறைக்கவில்லை. அதன்பின் ஊருக்குப் போகிறவர்கள் கையோடு ஒரு பூனையும் போனது.

அப்படித்தான் அவர் அந்த முடிவுக்கு வந்தார். விரலைத் தின்பது தொழுநோய் நேரடியாக அல்ல; வலி இல்லாமைதான். சதை நல்ல சதை. காவல்காரன்தான் இல்லை.

நரம்பு எப்போது திரும்பி வரும்?

நியாயமாக உங்களுக்கு ஒரு கேள்வி வரும். வெட்டுப்பட்ட தோல் மூடுகிறது, உடைந்த எலும்பு சேர்கிறது. நரம்பு மட்டும் வளராதா?

வளரும். அதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். நான் முன்பு வேலை பார்த்த ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டர் ஒருவருக்குத் தகட்டின் விளிம்பு மணிக்கட்டில் வெட்டி, கட்டைவிரலுக்கும் அடுத்த இரண்டு விரல்களுக்கும் போகும் நரம்பு அறுந்துவிட்டது. அன்றே அறுவை சிகிச்சை செய்து சேர்த்துத் தைத்தார்கள். அவர் மாதாமாதம் மருத்துவமனைக்குப் போவார். டாக்டர் மணிக்கட்டிலிருந்து விரலை நோக்கி மெதுவாகத் தட்டிக்கொண்டே வருவாராம். எந்த இடத்தில் சுரீர் என்கிறதோ, அங்கே வரை நரம்பு வந்துவிட்டது என்று பேனாவால் ஒரு கோடு. கோடு மாதம் ஒரு அங்குலம் நகர்ந்தது. நரம்பு நாளொன்றுக்குச் சுமார் 1 மில்லிமீட்டர் வளரும் என்பது கணக்கு. நாங்கள் அந்தக் கோட்டைப் பார்க்க டீ நேரத்தில் அவரைச் சுற்றி நிற்போம், ஸ்கோர் கேட்கிற மாதிரி. அதற்குள் அவர் டீ கிளாஸில் இரண்டு தடவை விரலைச் சுட்டுக்கொண்டார். கொப்புளத்தைப் பார்த்துத்தான் தெரிந்தது. ஏழெட்டு மாதத்தில் விரல்நுனி உறைக்க ஆரம்பித்தது. முதலில் எல்லாமே குழப்பம். நடுவிரலைத் தொட்டால் ஆள்காட்டி விரலைத் தொட்டதாகச் சொன்னார். கண்ணை மூடிப் பையில் இருக்கும் நாணயங்களைத் தடவி இது ஒரு ரூபாய், இது ஐந்து ரூபாய் என்று பழகிப் பழகித்தான் சரியானது.

இதைத் தன் கையிலேயே சோதித்துப் பார்த்த ஒரு டாக்டரும் உண்டு. லண்டன் நரம்பியல் மருத்துவர் ஹென்றி ஹெட், 1903 ஏப்ரல் 25 அன்று தன் இடது கையில் தோலுக்குப் போகும் நரம்புகளை வேண்டுமென்றே வெட்டித் தைக்கச் செய்தார். உணர்ச்சி எந்த வரிசையில் திரும்புகிறது என்று நாலு ஆண்டுகளுக்கு மேல் அவர் கையைச் சோதித்துக் குறித்தவர் டபிள்யூ. ஹெச். ஆர். ரிவர்ஸ். அதே ரிவர்ஸ்தான் அதற்கு முன் 1902-ல் நீலகிரிக்கு வந்து தோடர்களைப் பற்றி ஆராய்ந்தவர்! முரட்டுத்தனமான, இன்ன இடம் என்று சரியாகச் சொல்லமுடியாத வலியும் சூடும்தான் முதலில் திரும்பின. பஞ்சு பட்டால் தெரிகிற நுண்ணிய உணர்வு வர நெடுங்காலம் ஆனது. முடிவுகளை 1908-ல் வெளியிட்டார்கள். அவர்கள் சொன்ன விளக்கம் பின்னால் மாற்றப்பட்டது. ஆனால் அந்தப் பொறுமைக்கு இன்றும் மதிப்பு உண்டு.

அப்படியானால் தொழுநோயாளியின் நரம்பு மட்டும் ஏன் சரியாகத் திரும்புவதில்லை? கேபிளை நினைத்துக்கொள்ளுங்கள். அழுத்தத்தால் கரண்ட் மட்டும் நின்றிருந்தால், அழுத்தம் போனதும் சரியாகிவிடும். உள்ளே கம்பி அறுந்து மேலுறை மட்டும் இருந்தால், புதிய கம்பி அந்த உறைக்குள்ளேயே வளர்ந்து பழைய இடத்துக்குப் போய்ச் சேரும். முழுக் கேபிளும் அறுந்தால், தைத்துச் சேர்த்தால்தான் வழி. நரம்பில் இந்த உறையைக் கட்டி வளரும் நுனிக்குப் பாதை காட்டுபவை ஷ்வான் செல்கள். தொழுநோய்க் கிருமி குடியிருப்பது சரியாக அந்த ஷ்வான் செல்களுக்குள்தான்! அதாவது அது கம்பியை மட்டும் அறுக்கவில்லை. சாலை போடுகிறவனையே பிடித்துக்கொள்கிறது. காலம் கடந்தால் பாதை தழும்பாகி மூடிவிடும். ஆரம்பத்திலேயே, நரம்பு வீங்கிய சில மாதங்களுக்குள் ஸ்டீராய்டு மருந்து கொடுத்தால் பலருக்கு உணர்ச்சி ஓரளவாவது மீளுகிறது. தாமதித்தால் இல்லை. பிராண்ட் பார்த்தவர்களில் பெரும்பாலோர் தாமதித்து வந்தவர்கள்.

ஒரு இரவு

1950-களின் தொடக்கத்தில் நடந்தது இது. நீண்ட பயணம் முடிந்து, உடம்பு சரியில்லாமல், ரயிலில் வெகுநேரம் உட்கார்ந்து, லண்டனில் ஒரு அறைக்கு வந்து சேர்ந்தார் பிராண்ட். காலுறையைக் கழற்றும்போது குதிகாலில் உணர்ச்சியே இல்லை. ஊசி எடுத்துக் குத்திப் பார்த்தார். ரத்தம் வந்தது, வலி வரவில்லை. எத்தனையோ ஆண்டுகளாக நோயாளிகளின் கையைத் தொட்டு வேலை செய்கிறவருக்கு என்ன தோன்றும்? தனக்கும் வந்துவிட்டது என்றே நினைத்தார். இனி மனைவி மக்களைத் தொடலாமா, கத்தி பிடிக்கலாமா என்று இரவு முழுவதும் தூங்கவில்லை. விடிந்ததும் மறுபடி அதே இடத்தில் குத்தினார். அலறிவிட்டார், அப்படி ஒரு வலி! ரயிலில் ஒரே நிலையில் உட்கார்ந்ததில் ஒரு நரம்பு அமுங்கியிருக்கிறது, அவ்வளவுதான். வலி திரும்பி வந்ததற்காக ஒரு மனிதன் கடவுளுக்கு நன்றி சொன்னான். அன்றிலிருந்து வலியை அவர் ஒரு வரமாகவே பார்த்தார். தனக்கு ஒரே இரவில் திரும்பியது தன் நோயாளிகளுக்குத் திரும்பவே போவதில்லை என்பதும் அவருக்குத் தெரியும்.

சென்சார் தோற்ற கதை

1955-ல் வேலூருக்குப் பக்கத்தில் கரிகிரியில் தொழுநோய் ஆராய்ச்சி நிலையம் தொடங்கப்பட்டது. அதன் வளர்ச்சியில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்த டாக்டர் மேரி வர்கீஸைச் சக்கர நாற்காலியில் இருந்தபடியே கை அறுவை சிகிச்சை செய்ய ஊக்குவித்தவரும் இவர்தான். 1960-ல் லாஸ்கர் விருது கிடைத்தது. 1966-ல் அமெரிக்காவின் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குப் போனார். அங்கேதான் நம்மைப் போன்ற பொறியாளர்களோடு சேர்ந்து செயற்கை வலியை உண்டாக்க முயன்றார். கையுறையிலும் காலுறையிலும் அழுத்தம் அளக்கும் சென்சார்கள். அழுத்தம் அதிகமானால் ஒலி எழுப்பும். ஒலியை நோயாளிகள் பொருட்படுத்தவில்லை. சரி, உணர்ச்சி உள்ள இடத்தில் லேசாக ஷாக் அடிக்கட்டும் என்று மாற்றினார்கள். வேலை முடியவேண்டும் என்ற அவசரத்தில் நோயாளிகள் அந்த இணைப்பையே கழற்றிவிட்டு வேலையை முடித்தார்கள்!

இதைப் படித்து எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. மெஷின் கதவில் இருக்கும் லிமிட் சுவிட்சைக் கம்பியால் கட்டிவைத்து ஓட்டும் ஆபரேட்டரைப் பார்க்காத இன்ஜினியர் யார் இருக்கிறார்கள்? நாம் அணைக்க முடிகிற எச்சரிக்கை, எச்சரிக்கையே அல்ல. பல ஆண்டு உழைப்புக்குப் பிறகு அந்தத் திட்டத்தைக் கைவிட்டார்கள். ஒரு விரல்நுனித் தோலுக்குள் இருக்கும் நரம்பு முனைகளுக்கு ஈடு செய்ய முடியவில்லை.

ஆனால் அந்தத் தோல்வியிலிருந்து எளிய வழிகள் பிறந்தன. நரம்பு செய்த வேலையைக் கண் செய்யட்டும்: தினமும் கையையும் காலையும் பார்க்கவேண்டும், தோல் சிவந்திருக்கிறதா, சூடாக இருக்கிறதா என்று. பெரிய காயத்தைவிட, நடக்கும்போது ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப விழும் சிறு அழுத்தமே பாதத்தைக் கெடுக்கிறது என்று காட்டினார். அழுத்தம் என்பது விசை வகுத்தல் பரப்பு. பரப்பைக் கூட்டினால் அழுத்தம் குறையும். அதற்காகத்தான் மெத்தென்ற ரப்பர் செருப்புகள். இன்று சர்க்கரை நோயாளிக்கு நைலான் இழையால் பாதத்தைத் தொட்டுச் சோதிப்பதிலும், தனிச் செருப்பு கொடுப்பதிலும் அந்த உழைப்பின் பங்கு இருக்கிறது.

அம்மாவும் நம்ம மலையும்

மகன் வேலூரில் பெயர் பெற்றுக்கொண்டிருந்த காலத்தில் அம்மா என்ன செய்தார்? 70 வயதை நெருங்கும்போது மிஷன் அவருக்கு ஓய்வு கொடுத்தது. அவர் ஓய்வு பெறவில்லை. சொந்தப் பொறுப்பில் மறுபடி மலையேறினார். கணவரோடு சேர்ந்து கண்ட கனவு கொல்லிமலையோடு முடியவில்லை என்று பச்சைமலை, கல்வராயன் மலை என்று போனார். மட்டக்குதிரையில் போனார், விழுந்து எலும்பு முறிந்தபின் இரண்டு கழிகளை ஊன்றிப் போனார். பாட்டி பிராண்ட் என்றே பெயர் நிலைத்துவிட்டது. இன்று நாம் கச்சிராயபாளையம், கோமுகி அணை வழியாக வெள்ளிமலைக்கு வண்டியில் போகிறோம். சாலையே இல்லாத நாளில் ஒரு கிழவி மருந்துப் பெட்டியோடு ஏறியதை அந்த வளைவுகளில் ஒருதரம் நினைத்துக்கொள்ளலாம். 1974-ல், 95 வயதில் மறைந்தார். கணவர் பக்கத்திலேயே கொல்லிமலையில் அடக்கம். பால் பிராண்ட் 2003 ஜூலை 8 அன்று அமெரிக்காவின் சியாட்டில் நகரில் காலமானார். அப்போது வயது 88.

தம்பி தங்கைகளே, கடைசியாக ஒன்று. தொழுநோய் ஒழிந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற நிலையிலிருந்து அது நீங்கியதாக 2005 இறுதியில் இந்தியா அறிவித்தது. ஆனாலும் நம் நாட்டில் ஆண்டுதோறும் ஒரு லட்சத்தை ஒட்டிய எண்ணிக்கையில் புதிய நோயாளிகள் கண்டுபிடிக்கப்படுகிறார்கள். உங்களில் பலர் ஆசிரியராகவும் செவிலியராகவும் சூப்பர்வைசராகவும் இந்த மலையிலேயே வேலை பார்க்கப் போகிறீர்கள். உங்களிடம் வருகிறவருடைய தோலில் நிறம் வெளுத்த அல்லது சிவந்த தேமல் இருந்து, அந்த இடத்தில் தொட்டால் உணர்ச்சி இல்லை என்றால், அரிப்பும் இல்லை வலியும் இல்லை, அதனால் பரவாயில்லை என்று அவர் சொல்வார். வலி இல்லாததுதான் ஆபத்து என்று நீங்கள் சொல்லுங்கள். அந்த வாரமே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப்போங்கள். கூட்டு மருந்து இலவசம். ஆறு மாதம் அல்லது ஒரு வருடம். நரம்பு பிழைப்பதும் பிழைக்காததும் பல நேரம் அந்தச் சில மாதங்களில்தான் இருக்கிறது.

சர்க்கரை உள்ள அப்பா அம்மா வீட்டில் இருந்தால், இன்று இரவு படுக்கும்முன் அவர்கள் பாதத்தின் அடிப்பக்கத்தை விளக்கு வெளிச்சத்தில் ஒருமுறை பாருங்கள். அவர்களுக்குக் குனிந்து பார்க்க முடியாது.